கிராஃப்லாவில் சூடான பாறைக்கு மின்தடை கூடுகிறதே, அது எப்படி?

செந்தாமரை_புவி

எம்எஸ்சி பயன்பாட்டு நிலவியல், கடைசி வருடம். செமினாருக்கு ஐஸ்லாந்தின் கிராஃப்லா புவிவெப்பக் களத்தை எடுத்துக்கொண்டேன். நேரில் போய்ப் பார்க்க வழியில்லை, வெளிவந்திருக்கும் கட்டுரைகளையும் வரைபடங்களையும் வைத்துத்தான் படிக்கிறேன். இரண்டு இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன், தெரிந்தவர்கள் கைகொடுங்கள்.

முதல் சிக்கல். எங்கள் ஊரில் போர் போடும் முன் மெஷினோடு நீரோட்டம் பார்க்க வருகிறவர்கள் (தேங்காயோடு வருகிறவர்கள் வேறு) நான்கு கம்பி நட்டு மின்தடை அளப்பார்கள், எங்கே குறைகிறதோ அங்கே தண்ணீர் என்பார்கள். பாடத்திலும் அப்படித்தான் இருக்கிறது: தண்ணீர் இருந்தால் மின்தடை குறையும், உப்பு கூடினால் இன்னும் குறையும், சூடு ஏறினால் இன்னும் குறையும். அப்படியென்றால் 300 டிகிரி வெந்நீர் ஊறிய பாறைக்குத்தான் மின்தடை எல்லாவற்றையும்விடக் குறைவாக இருக்கவேண்டும் இல்லையா? கிராஃப்லா வரைபடத்தில் தலைகீழாக இருக்கிறது. மேலே குல்லாய் கவிழ்த்த மாதிரி 10 ஓம்-மீட்டருக்கும் குறைவான ஒரு படலம், அதற்கு அடியில் மின்தடை கூடிய ஒரு மேடு, கிணறுகளை அந்த மேட்டுக்குள்தான் இறக்கியிருக்கிறார்கள். நான் செமினாரில் ‘இந்தக் குறைந்த படலம்தான் வெந்நீர்த் தேக்கம்’ என்று சொல்லிவிட்டேன். மதிப்பிட வந்தவர் "கூரையைக் காட்டி இதுதான் அடுப்பு என்கிறாய்" என்று சிரித்தார். சிரித்ததோடு சரி, விளக்கம் இல்லை.

இரண்டாவது, ஐடிடிபி-1 கிணறு (ஐஸ்லாந்து ஆழ்துளைத் திட்டத்தின் முதல் கிணறு, கிராஃப்லாவில்தான்). நாலரை கிலோமீட்டர் போகத் திட்டமிட்டுத் தோண்டியது, 2009-ல் 2,104 மீட்டரிலேயே எரிமலைக் குழம்பில் போய் முட்டி நின்றது. எழுபதுகளிலிருந்து துருவித் துருவி ஆராய்ந்த இடம், அதற்குள் முப்பதுக்கும் மேற்பட்ட கிணறுகள் போட்டாகிவிட்டது. காலுக்கடியில் குழம்பு இருப்பது எப்படி ஒருவருக்கும் தெரியாமல் போனது? இதைத்தான் அடுத்த முறை கண்டிப்பாகக் கேட்பார்கள்.


கம்பிச்சுருள்

தம்பி, முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன். ஆக்லாந்தில் இருக்கிறேன், பதினொரு வருடமாக எம்டி (மேக்னட்டோடெல்லூரிக், நிலத்தின் மின்தடையை ஆழம் வரை அளக்கும் முறை) அளப்பதுதான் வேலை. உங்கள் பரீட்சகர் சொன்னது சரி, ஆனால் சிரித்துவிட்டுப் போனது சரியில்லை, ஏனென்றால் இதே பிழையை நாங்கள் எல்லோரும் ஒருதரம் விட்டிருக்கிறோம்.

நீங்கள் படித்த விதியில் பிழை இல்லை, கிராஃப்லாவில் அது பெரிதாக எடுபடாது, அவ்வளவுதான். அங்கே நிலத்தடி நீரில் உப்பு மிகக் குறைவு. மின்சாரத்தைக் கடத்துவது தண்ணீரைவிடக் களிமண்தான். பசால்ட் பாறைக்குள் சுடுதண்ணீர் ஓடும்போது பாறை பழுதாகிப் புதுக் கனிமங்கள் உண்டாகும், எந்தச் சூட்டில் எது உண்டாகும் என்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது. சுமார் 50 டிகிரியிலிருந்து 200 டிகிரி வரைக்கும் ஸ்மெக்டைட் என்ற களிமண், அதோடு சியோலைட்டுகள் என்ற கனிமங்கள். இந்த ஸ்மெக்டைட் அடுக்கு அடுக்கான தகடு. இரண்டு தகடுகளுக்கு நடுவில் சோடியம், கால்சியம் மாதிரியான அயனிகள் இறுக்கமில்லாமல் கிடக்கும், கொஞ்சம் ஈரம் பட்டால் போதும், அவை அங்குமிங்கும் நகரும், மின்சாரம் அதன்வழி போகும். இதுதான் உங்கள் 10 ஓம்-மீட்டர் குல்லாய். சூடு 200-ஐத் தாண்டினால் ஸ்மெக்டைட் கொஞ்சம் கொஞ்சமாகக் கலப்படுக்குக் களிமண்ணாக மாறி, 230-ஐத் தாண்டிய பிறகு குளோரைட் என்ற கனிமம் ஆகிவிடும். குளோரைட்டில் தகடுகளுக்கு நடுவே இன்னொரு தகடே வந்து இறுகப் பொருந்திவிடுகிறது, நகர ஒன்றும் மிச்சமில்லை. மின்தடை சட்டென்று ஏறும், பல இடங்களில் பத்து மடங்கு. 250-க்கு மேலே எபிடோட் என்ற கனிமமும் வந்து சேரும். ஆக, குல்லாயின் அடி விளிம்பு எங்கே இருக்கிறதோ அங்கே பாறை ஏறக்குறைய 230, 240 டிகிரியைப் பார்த்திருக்கிறது என்று அர்த்தம்.

‘பார்த்திருக்கிறது’ என்று எழுதியதைக் கவனியுங்கள். ‘இருக்கிறது’ என்று நான் எழுதவில்லை. இதுதான் செமினாரில் நீங்கள் சொல்லவேண்டிய விசயம். முந்தி வீடுகளில் கண்ணாடிக் காய்ச்சல் மானி வைத்திருப்பார்களே, காய்ச்சல் இறங்கின பிறகும் பாதரசம் ஏறின இடத்திலேயே நிற்கும், உதறினால்தான் இறங்கும். மின்தடை வரைபடம் அந்தச் சாமான். குளோரைட் ஆன பாறை ஆறிப்போனாலும் திரும்ப ஸ்மெக்டைட் ஆகாது, பாறையைப் பிடித்து உதற ஆளும் கிடையாது. கிராஃப்லாவிலேயே தெற்கில் குவிட்ஹோலார் என்றொரு பகுதி, அங்கே கிணற்றுக்குள் ஒரு ஆழம் வரை சூடு ஏறி, அதற்குக் கீழே திரும்பக் குறைகிறது. வடக்கே லெய்ர்பொட்னார் பகுதியில் இன்னொரு கூத்து: மேலே ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் வரைக்கும் 200-ஐ ஒட்டிய சூடு, அதற்குக் கீழே சடாரென்று 300-க்கு மேல், தண்ணீரும் ஆவியும் கலந்து கொதிக்கும் இன்னொரு தேக்கம். கிழக்கே சுதுர்ஹ்லீதார் சரிவில் மேலிருந்து கீழ்வரை கொதிநிலைக் கோட்டை ஒட்டியே போகும், அதாவது ஒவ்வொரு ஆழத்திலும் அங்குள்ள அழுத்தத்துக்குத் தண்ணீர் எந்தச் சூட்டில் கொதிக்குமோ அந்தச் சூடு. எட்டுக்குப் பத்து கிலோமீட்டர் அளவுள்ள ஒரு எரிமலைக் குழிக்குள் இப்படி மூன்று குணம். மேலே நின்று அளந்து இதையெல்லாம் பிரித்துச் சொல்ல எங்களால் ஏலாது.

கட்டுரைகளில் எழுதாத ஒன்றையும் சொல்கிறேன், எம்டி எப்படி அளக்கிறார்கள் என்று. சூரியக் காற்றும் தூரத்து இடியும் பூமியின் காந்தப்புலத்தை ஓயாமல் ஆட்டிக்கொண்டே இருக்கும், அந்த ஆட்டத்துக்கு நிலம் என்ன மறுமொழி சொல்கிறது என்று கேட்பதுதான் எம்டி. நான்கு திசையிலும் ஒவ்வொரு குழி, அதில் உப்புத் தண்ணீரில் குழைத்த களிமண், அதற்குள் மண்சட்டி மாதிரியான ஈயக் குளோரைட் மின்முனை. வயரைக் காற்று ஆட்டக்கூடாது, இரண்டு எட்டுக்கு ஒரு கல் வைத்து அமத்தவேண்டும். மூன்று காந்தச் சுருள்கள், ஒவ்வொன்றும் ஒரு மீட்டருக்கு மேல் நீளம், மட்டம் பார்த்துத் திசை பார்த்துப் புதைக்கவேண்டும். பிறகு ராத்திரி முழுக்க விட்டுவிட்டு வரவேண்டும், விடிய வந்து பார்த்தால் செம்மறி வயரைத் தின்றிருக்கும். என் முதல் வருடத்தில் திசைகாட்டியை ஜீப் பானட்டின் மேல் வைத்துப் பார்த்துச் சுருள்களைப் புதைத்தேன், இரும்பு இழுத்து 20 டிகிரி பிசகி, இரண்டு கிழமை எடுத்த அளவு முழுக்கக் கோணல். அந்த இரண்டு கிழமையும் சரியான குளிர் வேறு.

இன்னொன்று: மேலே கிடக்கும் லாவாத் துண்டுகள் எம்டி கோட்டை அப்படியே தூக்கியோ தாழ்த்தியோ காட்டிவிடும். அதைச் சரிக்கட்ட அதே இடத்தில் டெம் (கம்பி வளையத்தில் மின்சாரத்தைச் சட்டென்று நிறுத்தி நிலத்தின் மறுமொழியைப் பார்ப்பது) என்ற இன்னொரு அளவையும் எடுப்பார்கள், அது ஒரு கிலோமீட்டருக்குள் வடிவாகப் பார்க்கும். டெம் இல்லாத எம்டி வரைபடத்தில் ஆழத்தை நம்பி எதுவும் கதைக்காதீர்கள்.


காஸ்டிக்_சோடா

முதலில், செந்தாமரை ‘தம்பி’ இல்லை என்று நினைக்கிறேன் கம்பிச்சுருள். புரொஃபைலைப் பாருங்கள்.

இவர்கள் எப்போதும் எம்டியில்தான் ஆரம்பிப்பார்கள். செலவில்லாமல் முதலில் செய்யவேண்டியது வேதியியல். ஒரு புதுக் களத்துக்குப் போனால் நடந்து போய் ஆவி எங்கே வருகிறது, தண்ணீர் எங்கே வருகிறது, எங்கே நிலம் வெளுத்திருக்கிறது என்று குறித்து, மாதிரி எடுத்துவருவதுதான் முதல் மாத வேலை. உயர்வெப்பக் களம் என்று ஐஸ்லாந்தில் சொல்வதே 1 கிலோமீட்டர் ஆழத்தில் 200 டிகிரிக்கு மேல் இருக்கும் இடத்தை, ஆனால் அதைக் கிணறு போடாமல் ஊகிக்க வேண்டும் என்றால் மேலே வரும் நீரையும் வாயுவையும்தான் கேட்கவேண்டும்.

தண்ணீரில் கரைந்த சிலிக்கா நல்ல சாட்சி. ஆழத்தில் எவ்வளவு சூடோ அவ்வளவு குவார்ட்ஸ் கரையும், மேலே வரும்போது சீக்கிரம் படியாது, அதனால் ஒரு லிட்டரில் எத்தனை மில்லிகிராம் என்று பார்த்தால் அடியில் எத்தனை டிகிரி என்று கணக்குப் போட்டுவிடலாம். சோடியம், பொட்டாசியம் விகிதமும் அப்படித்தான். ஆனால் கிராஃப்லாவில் இந்த வசதி கிடையாது. அங்கே மேலே வருவது ஆவித்துளைகளும் சேற்றுக் கொப்புளங்களும்தான், ஆழத்து நீர் நேராக மேலே வரும் கொதிநீர் ஊற்று இல்லை. அந்தச் சேற்றுத் தண்ணீரை மொண்டு சிலிக்கா பார்ப்பது எல்லோரும் விழும் குழி. அது மேல்மட்டத்து மழைத்தண்ணீர், ஆவி பட்டுச் சூடாகி, ஹைட்ரஜன் சல்ஃபைடு கந்தக அமிலமாகி, அந்த அமிலம் பக்கத்துப் பாறையைத் தின்று கரைத்த சிலிக்கா. அடியில் என்ன நடக்கிறது என்று அதற்கு ஒன்றும் தெரியாது.

அதனால் வாயு. வெற்றிடமாக்கிய கண்ணாடிக் குப்பியில் காஸ்டிக் சோடா கரைசல் ஊற்றி, ஆவித்துளையில் புனலைக் கவிழ்த்துச் சுற்றிலும் சேறு பூசிக் காற்று புகாமல் அடைத்து, குழாய் வழியாக உள்ளே இழுப்போம். கார்பன் டை ஆக்சைடும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் சோடாவில் கரைந்துவிடும், ஹைட்ரஜன், நைட்ரஜன், மீத்தேன் மேலே தங்கும். நியூசிலாந்தில் வேலைபார்த்த ஜிக்கன்பாக் பெயரால் அதை ஜிக்கன்பாக் குப்பி என்போம். குப்பி மூச்சு விடுகிற மாதிரி குழாயில் ஆவி குமுறி உள்ளே போகும், அப்போது கையில் பிடித்திருக்கும் கண்ணாடி சூடாகிக்கொண்டே வரும், துணி சுற்றிப் பிடிக்க மறந்தால் போச்சு. நான் மறந்திருக்கிறேன். இந்த வாயுக்களின் அளவிலிருந்தும் அடிச் சூட்டைக் கணக்கிடலாம். ஆனால் வாயுவும் பாறையும் சமநிலையில் இருந்தால்தான் அந்தக் கணக்கு செல்லும்.

கிராஃப்லாவில் அந்த நிபந்தனையே ஒருநாள் உடைந்து போனது. 1974-ல் இரண்டு ஆய்வுக் கிணறு, அடுத்த வருடமே மின்நிலையம் கட்டத் தொடங்கிவிட்டார்கள், 30 மெகாவாட்டில் இரண்டு டர்பைன் என்று திட்டம். 1975 டிசம்பர் 20, எரிமலை வெடித்தது. சின்ன வெடிப்புதான், ஆனால் அதோடு நிற்கவில்லை, 1984 செப்டம்பர் வரை ஒன்பது முறை லாவா வெளியே வந்தது, நிலம் உப்புவதும் தணிவதுமாக இருந்தது. குழம்பிலிருந்து கசிந்த வாயு லெய்ர்பொட்னார் தேக்கத்தில் கலந்து, தண்ணீர் அமிலமாகி, கிணற்றுக் கேசிங்கை (உள்ளே இறக்கிய இரும்புக் குழாயை) அரித்தது. 1978-ல் மின்சாரம் கொடுக்க ஆரம்பித்தபோது ஒரு டர்பைனுக்கே ஆவி போதவில்லை. வாங்கி வைத்த இரண்டாவது டர்பைன் கிட்டத்தட்ட இருபது வருடம் சும்மா கிடந்தது, தொண்ணூறுகளின் கடைசியில்தான் சுழன்றது. வெளிவந்த வாயு அளவுகளைப் படிக்கும்போது எந்த வருடத்து மாதிரி என்று பார்க்காமல் வெப்பநிலைக் கணக்கு போட்டுவிடாதீர்கள். அந்த வருடங்களில் கூடிய கார்பன் டை ஆக்சைடு பாறையின் சூட்டைச் சொல்லவில்லை, குழம்பு மூச்சு விட்டதைச் சொல்கிறது.

ஒன்று மட்டும் கம்பிச்சுருளோடு ஒத்துப்போகிறேன்: எங்கள் முறையும் பழைய நினைவைத்தான் காட்டுகிறது. என்ன, பாறையின் நினைவு ஆயிரக்கணக்கான வருடம் தங்கும், தண்ணீரின் நினைவு அவ்வளவு நாள் தங்காது.


மூணாம்_ஷிப்ட்

இரண்டாவது கேள்வி இன்னும் யாரும் தொடவில்லை, நான் சொல்கிறேன். கென்யாவில் நைவாஷா பக்கம் ரிக்கில் (கிணறு தோண்டும் இயந்திரத் தளத்தில்) நிலவியலாளர் வேலை. முன்பு எண்ணெய்க் கிணற்றில் இருந்தேன். எண்ணெய்க் கிணற்றில் மட் (தோண்டும்போது உள்ளே ஊற்றும் சேற்றுக் கரைசல்) உள்ளே போய்த் திரும்பாவிட்டால் எல்லோர் முகமும் வெளுக்கும். இங்கே தண்ணீர் திரும்பி வராவிட்டால் ‘விரிசல் கிடைத்தது’ என்று டீ வாங்கித் தருவார்கள். இது பழக ஆறு மாதம் ஆயிற்று.

ஏனென்றால் சூடு மட்டும் இருந்தால் பிரயோசனம் இல்லை. இங்கே ஓல்கேரியாவில் 1950-களின் கடைசியில் எக்ஸ்-1, எக்ஸ்-2 என்று இரண்டு கிணறு போட்டார்கள். எக்ஸ்-2-ல் ஒரு கிலோமீட்டருக்குள்ளேயே 230 டிகிரிக்கு மேல். ஆனால் கிணறு ஊதவில்லை. பாறையில் வழி இல்லை, தண்ணீர் வர இடமில்லை. வேலையை நிறுத்திவிட்டார்கள், மறுபடி 1970-களில் ஐநா உதவியோடு ஆராய்ந்து, 1981-ல்தான் முதல் 15 மெகாவாட். மின்தடை வரைபடமும் வாயுக் கணக்கும் சூட்டைப் பற்றிப் பேசும், விரிசலைப் பற்றி இரண்டும் வாயே திறக்காது. பிளவுகள் எந்தத் திசையில் ஓடுகின்றன, சின்னச் சின்ன நில அதிர்வுகள் எங்கே கூடுகின்றன என்று பார்த்து ஓரளவு ஊகிக்கலாம், மற்றபடி துரப்பணம்தான்.

சரி, ஐடிடிபி-1. குழம்பு இருப்பது யாருக்கும் தெரியாது என்பது சரியில்லை. கிராஃப்லா அடியில் குழம்பு உண்டு என்று எழுபதுகளிலேயே தெரியும். வெடிப்பு நடந்த வருடங்களில் நில அதிர்வு அலைகளைப் பதிவுசெய்தபோது, குழியின் சில பகுதிகளுக்கு அடியில் போன குறுக்கலைகள் மறுபக்கம் வந்து சேரவில்லை. குறுக்கலை திரவத்தில் போகாது. அப்படி நிழல் விழுந்த இடங்களை வைத்து 3 கிலோமீட்டருக்குக் கீழே குழம்பு என்று முடிவுக்கு வந்தார்கள். அது பெரிய அறை. 2009-ல் இவர்கள் முட்டியது அந்த அறை இல்லை, அதற்கு மேலே தனியாகக் கிடந்த ரயோலைட் (சிலிக்கா கூடிய) குழம்பு, சுமார் 900 டிகிரி. சிறிய உடல், இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில், அதுவும் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் களிமண் குல்லாய்க்கு அடியில். எம்டிக்கு ஆழம் போகப் போகப் பார்வை மங்கும், இவ்வளவு சின்னதைத் தனியாகப் பிரித்துக் காட்டாது, வேண்டுமானால் கம்பிச்சுருள் சண்டைக்கு வரட்டும். சொல்லப்போனால் 2008-ல் கேஜே-39 கிணற்றில் அடியிலிருந்து வந்த துகளிலேயே குழம்பு உறைந்த கண்ணாடி இருந்தது. ஜாடை கிடைத்துவிட்டது, முழுசாகப் படிக்க நேரம் கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

ரிக்கில் அது எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு நன்றாகவே கற்பனை செய்ய முடிகிறது. 2,000 மீட்டரைத் தாண்டியதும் தண்டு சிக்கிக்கொண்டது, முறிந்தது, பக்கவாட்டில் திருப்பித் தோண்டினார்கள், அதே ஆழத்தில் மறுபடி சிக்கல், மறுபடி திருப்பினார்கள். கடைசியில் மேலே வந்த கட்டிங்ஸில் (துரப்பணம் அரைத்த பாறைத் துகளில்) புத்தம்புதுக் கண்ணாடி. தோண்ட ஊற்றிய தண்ணீரில் குழம்பு பட்டு உடனே உறைந்த துகள். நாங்கள் 2 மீட்டருக்கு ஒரு டப்பா கட்டிங்ஸ் எடுப்போம், கழுவி, ஈரம் காய்வதற்குள் பைனாகுலர் மைக்ராஸ்கோப்பில் வைத்துவிடுவோம். ராத்திரி இரண்டு மணிக்குப் பச்சைக் குளோரைட்டும் பிஸ்தா நிற எபிடோட்டும் பார்த்துப் பார்த்துச் சலித்த கண்ணுக்குத் திடீரென்று கூர் விளிம்போடு பளபளவென்று கண்ணாடி தெரிந்தால் முதலில் மேலிருந்து ஏதோ விழுந்து கலந்துவிட்டது என்றுதான் தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். கென்யாவில் மெனன்காய் களத்திலும் இப்படிக் கண்ணாடி வந்திருக்கிறது, ஹவாயில் பூனா களத்தில் 2005-ல் 2,488 மீட்டரில் டாசைட் குழம்பே வந்தது. ஆக இது கிராஃப்லாவின் தனி அதிசயம் இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் செமினாருக்கு நல்ல தீனி. கிணற்றை மூடிவிட்டுப் போகாமல் அதிலிருந்தே ஆவி எடுத்துப் பார்த்தார்கள். 2010-லிருந்து 2012 வரை சோதனை, கிணற்று வாயிலேயே 450 டிகிரி வரை, 140 பார் வரை அழுத்தம். ஒரே கிணற்றில் 30 மெகாவாட்டுக்கு மேல் எடுக்கலாம் என்று கணக்கிட்டார்கள், நிலையம் முழுவதும் சேர்ந்தே 60 மெகாவாட் என்பதை மறக்காதீர்கள். ஆனால் ஆவியில் ஹைட்ரஜன் குளோரைடு, கூடவே சிலிக்கா தூசி. குளிர்ந்து முதல் துளி நீராகும் இடத்தில் அமிலம் இரும்பைத் தின்னும், தூசி வால்வை அரைக்கும். 2012 ஜூலையில் வால்வுகள் கைவிட்டன, பச்சைத் தண்ணீர் ஊற்றிக் கிணற்றை ஆற்றினார்கள், அந்தத் திடீர் குளிர்ச்சியில் கேசிங் கெட்டது.

கிராஃப்லாவைப் பற்றிப் பேசிவிட்டு இரண்டு பழைய கதையை விட மனமில்லை. 1975-ல் கேஜே-4 என்ற கிணறு அடக்க முடியாமல் பீறி, கிணறு இருந்த இடமே பெரிய பள்ளமாகிவிட்டது. பக்கத்தில் 1724 வெடிப்பில் உண்டான விட்டி என்ற பள்ளம் இருக்கிறது, விட்டி என்றால் நரகம். அதனால் இந்தப் புதுப் பள்ளத்துக்கு ஊர்க்காரர்கள் வைத்த பெயர் ‘தானே தேடிக்கொண்ட நரகம்’. இன்னொன்று 1977 செப்டம்பரில், தெற்கே ப்யார்னார்ஃப்ளாக் களத்தில். குழம்பு நிலத்தடிப் பிளவு வழியாகப் பல கிலோமீட்டர் தெற்கே ஓடி, அங்கே இருந்த ஒரு கிணற்றைக் கண்டு அதன் வழியாக மேலே வந்து, ஏறத்தாழ 3 டன் லாவாத் துகளைத் துப்பியது. மனிதன் போட்ட போர் வழியாக எரிமலை வெடித்த கதை!


செந்தாமரை_புவி

மூன்று பேருக்கும் பெரிய நன்றி. (ஆமாம், தங்கை.) காய்ச்சல் மானி விஷயம் அப்படியே தலையில் உட்கார்ந்துவிட்டது, கம்பிச்சுருள் அண்ணா, செமினாரில் பயன்படுத்திக்கொள்ளலாமா?

இரண்டு துணைக்கேள்வி. ஒன்று, கிணறு போட்டபின் வெப்பமானியை உள்ளே இறக்கினால் உண்மை தெரிந்துவிடும்தானே, பிறகு ஏன் கட்டுரைகளில் ‘மதிப்பிடப்பட்ட பாறை வெப்பநிலை’ என்று வேறொரு கோடு போடுகிறார்கள்? இரண்டு, எங்களிடம் ஒரு பழைய வெந்நீர் ஊற்றுப் பகுதியின் பாறைத் தூள் கொஞ்சம் இருக்கிறது. ஸ்மெக்டைட் இருக்கிறதா பார்க்க ஆசை, ஆனால் எக்ஸ்ரே விளிம்பு விளைவுக் கருவிக்கு வரிசையில் நின்றால் செமஸ்டரே முடிந்துவிடும்.


கம்பிச்சுருள்

தங்கைக்கு மன்னிப்பு. தாராளமாகப் பாவியுங்கள், காய்ச்சல் மானிக்கு என்னிடம் காப்புரிமை இல்லை. மூணாம்_ஷிப்டோடு சண்டைக்கு வர ஒன்றும் இல்லை, அவர் சொன்னது சரிதான், ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: அந்த இடத்தில் பெரிய கடத்தி ஒன்று இருந்திருந்தால் எம்டி காட்டியிருக்கும். ‘இங்கே குழம்பு இல்லை’ என்று எம்டி ஒருநாளும் சொன்னதில்லை, ‘எனக்குத் தெரியும் அளவுக்கு ஒன்றும் இல்லை’ என்றுதான் சொன்னது. அதை ‘இல்லை’ என்று வாசித்தவர்கள் நாங்கள்.


மூணாம்_ஷிப்ட்

வெப்பமானி: தோண்டும்போது வாரக்கணக்கில் பச்சைத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கிறோம். முடித்த அன்று உள்ளே இறக்கினால் 300 டிகிரி பாறைக்கு நடுவில் குளிக்கிற தண்ணீர் சூடுதான் காட்டும். அதுவே நல்ல தகவல், எந்த ஆழம் சூடேறாமல் அடம்பிடிக்கிறதோ அங்கேதான் விரிசல் நம் தண்ணீரைக் குடித்திருக்கிறது. அப்போதே பம்ப் வைத்து நொடிக்கு 20 லிட்டர், 30, 40 என்று படிப்படியாக உள்ளே தள்ளி, ஒவ்வொரு படிக்கும் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்போம், ஒரு பார் ஏற்றத்துக்கு எத்தனை லிட்டர் வாங்குகிறது என்பதுதான் கிணற்றின் முதல் மார்க். பிறகு மூடிவிட்டு வாரம் ஒருமுறை, மாதம் ஒருமுறை வெப்பமானியை இறக்குவோம். முழுசாகச் சூடேற மாதக்கணக்கு ஆகும், அவ்வளவு நாள் யாரும் காத்திருக்கமாட்டார்கள், அதனால் ஏறும் வேகத்தை வைத்துக் கடைசியில் எங்கே போய் நிற்கும் என்று கோட்டை நீட்டிப் போடுகிறார்கள். அதுதான் நீ பார்த்த இரண்டாவது கோடு. கிணற்றுக்குள்ளேயே தண்ணீர் ஒரு விரிசலில் நுழைந்து இன்னொன்றில் வெளியேறிக்கொண்டிருந்தால் அந்தக் கோடும் பொய் சொல்லும், நடுவில் நேராகச் செங்குத்தாக ஒரு பகுதி தெரிந்தால் சந்தேகப்படு.

கட்டிங்ஸில் எபிடோட் இருந்து வெப்பமானி 180 காட்டினால் ஒன்று கிணறு இன்னும் சூடேறவில்லை, இல்லை களம் ஆறுகிறது. எபிடோட்டின் மேல் கால்சைட் படிந்திருக்கிறதா என்று பார்ப்போம், அது பிறகு வந்த குளிர்ச்சிக்கு ஒரு அடையாளம்.

ஸ்மெக்டைட்டுக்கு மெத்திலீன் நீலம் போதும், ரிக்கில் தினமும் செய்வதுதான். காய்ந்த தூளை நைசாக அரைத்து 1 கிராம் எடு, 50 மில்லி தண்ணீரில் கலக்கு, பியூரெட்டில் நீலக் கரைசலை அரை மில்லி விடு, ஒரு நிமிடம் நன்றாகக் கலக்கிக் கண்ணாடிக் குச்சியால் ஒரு துளியை வடிதாளில் வை. களிமண் சாயத்தை விழுங்கும்வரை நடுவில் கரும்புள்ளி மட்டும் நிற்கும், சுற்றிலும் வெறும் ஈரம். விழுங்க இடமில்லாமல் போனதும் புள்ளியைச் சுற்றி வெளிர்நீல வளையம் விரியும். உடனே முடிந்தது என்று எழுதாதே, இன்னும் இரண்டு நிமிடம் கலக்கி மறுபடி ஒரு துளி வை, வளையம் நிலைத்தால்தான் கணக்கு. ஸ்மெக்டைட் உள்ள மாதிரி பல மில்லி வாங்கும், குளோரைட் மட்டும் உள்ளது இரண்டு மூன்று விட்டதுமே வளையம் காட்டிவிடும். எந்தக் களிமண் என்று இது பெயர் சொல்லாது, எவ்வளவு அயனி மாற்றுகிறது என்றுதான் சொல்லும், அதற்குப் பெயர் வைக்க எக்ஸ்ரேதான் வேண்டும், ஆனால் வரிசையில் எந்த நான்கு மாதிரியைக் கொடுப்பது என்று இதை வைத்து முடிவுசெய்யலாம். பழைய சட்டை போட்டுக்கொண்டு செய், கறை போகாது.